முகம் பெரிதான கதை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. 'அவளுடைய கீழுதடு லேசாக நடுங்கிற்று' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். சாய்வு நாற்காலியில் கிடந்து படிக்கிற வாசகர் சட்டென்று அந்தப் பெண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுவிடுவார். அடுத்த வரியில், 'மேற்கே மலையின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது' என்று எழுதினால், அதே வாசகர் இருந்த இடத்திலிருந்து பத்து மைல் பின்வாங்கி மலையைப் பார்ப்பார். எப்படி வந்தோம், எப்படிப் போனோம் என்று கேட்கமாட்டார்.

நாடகக்காரருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. முதல் வரிசையில் சோபாவில் இருப்பவருக்கும், கடைசியில் தரை டிக்கெட்டில் இருப்பவருக்கும் அவர் ஒரே கண்ணீரைக் காட்டியாக வேண்டும். கண்ணீர் அவ்வளவு தூரம் போகாது. அதனால் மார்பில் அடித்துக்கொள்கிறார். தொண்டை கிழியக் கதறுகிறார். உதடு நடுங்கினால் யாருக்குத் தெரியப் போகிறது?

சினிமா பிறந்தபோது அது நாடகத்தின் தம்பியாகத்தான் பிறந்தது. பிறகு மெல்ல மெல்ல நாவலின் பக்கம் வந்து சேர்ந்தது. அந்தப் பிரயாணத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். ஒரு நாவலாசிரியன் இதில் கொஞ்சம் பெருமை கொண்டாடினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தின் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய சமாசாரம். ரயில் வளைவு திரும்பும்போதே வயல்களுக்கு அப்பால் கோபுரம் தெரிகிறது; கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். உள்ளே போய்க் கொடிமரத்தடியில் நின்றால் மண்டபத் தூண்களும், விளக்கு வரிசையும், நமக்கு முன்னால் நிற்கும் கூட்டமும் கண்ணில் படுகின்றன. கடைசியில் கர்ப்பக்கிருகத்தின் இருட்டில் குருக்கள் கற்பூரத் தட்டை உயர்த்துகிறார்; அந்தத் திருமுகம் மட்டும் ஒளியில் எழுந்து வருகிறது. அப்போது கோபுரமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. இந்த மூன்றையும்தான் சினிமாக்காரர்கள் லாங் ஷாட், மிட் ஷாட், குளோஸப் என்கிறார்கள். ஆள் முழுசாகவும் அவனைச் சுற்றியுள்ள இடமும் தெரிந்தால் முதலாவது. இடுப்புக்கு மேலே தெரிந்தால் இரண்டாவது. முகம் மட்டும் திரையை நிரப்பினால் மூன்றாவது. எங்கே நடக்கிறது என்பதை முதலாவது சொல்லும். என்ன நடக்கிறது என்பதை இரண்டாவது சொல்லும். அது மனசில் என்ன செய்கிறது என்பதை மூன்றாவது சொல்லும்.

இன்று இது குழந்தைக்கும் புரிகிறது. ஆனால் இந்த மூன்றையும் கோத்து ஒரு கதை சொல்லக் கற்றுக்கொள்ள மனிதர்களுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது.

1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பாரிஸில், கிராண்ட் கபே என்ற காப்பிக் கடையின் கீழ்த்தளத்தில், லூமியேர் சகோதரர்கள் ஒரு பிராங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துக் குட்டிப் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. பணம் கொடுத்து வந்தவர்கள் 33 பேர் என்று சொல்கிறார்கள். காமிராவை ஓர் இடத்தில் நட்டுவைத்து, எதிரே நடப்பதைப் பிடித்துக்கொள்வதுதான் அன்றைய முறை. நாடகத்தில் நல்ல நாற்காலி கிடைத்தவர் எப்படி அசையாமல் பார்ப்பாரோ, அப்படி.

மறு வருஷம் அவர்கள் காட்டிய ஒரு படத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லா சியோத்தா என்ற ஊரில் ரயில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் கதை. காமிராவைப் பிளாட்பாரத்தின் ஓரத்தில் சாய்வாக வைத்திருந்தார்கள். ரயில் தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றி, வளர்ந்து, இஞ்சின் திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. பிறகு பிரயாணிகள் இறங்கிக் காமிராவை உரசிக்கொண்டு நடக்கிறார்கள். தூரம், நடுத்தூரம், கிட்டம் எல்லாம் அந்த ஒரே துண்டில் அடங்கியிருக்கின்றன. கையில் இருந்த பொக்கிஷம் அன்று யாருக்கும் தெரியவில்லை.

முகத்தை நெருங்கிப் பார்க்கும் ஆசை அதற்கு முன்பே இருந்தது. 1894-ம் ஆண்டுத் தொடக்கத்தில், அமெரிக்காவில் எடிசனுடைய கூடத்தில், பிரெட் ஓட் என்ற சிப்பந்தி பொடி போட்டுத் தும்முவதைப் படம் பிடித்தார்கள். ஒரு பத்திரிகையில் வரிசையாக அச்சிடுவதற்காக எடுத்த படம். ஓடினால் ஐந்து விநாடி. இடுப்புக்கு மேலே அவருடைய மீசையும் முகமும் மட்டும் தெரிகின்றன. தும்மலில் காலுக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்; நியாயந்தான்!

1896-ல் அதே எடிசன் கம்பெனி, மேடையில் பேர் வாங்கிய ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியைப் படமாக்கியது. மே இர்வின் என்ற நடிகையும் ஜான் ரைஸ் என்ற நடிகரும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பேசி முத்தமிடுகிறார்கள். இருவரும் கொஞ்சம் வயது முதிர்ந்தவர்கள். பார்த்தால் இன்றைக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அன்று ஒரு பத்திரிகைக்காரர் சீறி விழுந்தார். மேடையில் ஆள் அளவில் இருந்தபோதே சகிக்கவில்லை, இப்போது அதைப் பூதாகாரமாக்கி வேறு காட்டுகிறார்களே என்பது அவருடைய குறை. அந்தக் கோபத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அளவு மாறினால் அர்த்தமும் மாறிவிடும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார்.

அப்புறம் நாம் இங்கிலாந்தின் கடற்கரைக்குப் போக வேண்டும். பிரைட்டன் நகரத்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். மேடையில் மனோவசிய வித்தை காட்டிப் பிழைத்தவர். பிறகு படம் எடுக்க வந்தார். 1900-ம் ஆண்டு அவர் எடுத்த ஒரு படத்தில், ஒரு சிறுவன் பாட்டியின் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். பத்திரிகை எழுத்து, கடியாரத்தின் சக்கரங்கள், கூண்டில் குருவி, பாட்டியின் கண் என்று ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் பெரிதாகத் தெரிகிறது. பாட்டியின் கண் உருண்டு உருண்டு பார்க்கும் அழகைச் சொல்லி முடியாது.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பெரிதாகக் காட்ட ஸ்மித்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஜனங்கள் 'ஏன் திடீரென்று இவ்வளவு பெரிதாகிவிட்டது?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். பூதக்கண்ணாடி அந்தக் கேள்விக்குப் பதில். அதே வருஷத்தில் இன்னொரு படத்தில் தொலைநோக்கியைச் சாக்காக வைத்துக்கொண்டார். மூன்று வருஷங்கள் கழித்து, 1903-ல், குழந்தைகள் ஒரு பூனைக்குட்டிக்கு மருந்து கொடுக்கும் படம் எடுத்தார். அதில் பூனைக்குட்டி கரண்டியை நக்கும்போது முகம் பெரிதாக வருகிறது. கண்ணாடியும் இல்லை, குழாயும் இல்லை. நமக்குப் பார்க்க ஆசை, அதனால் கிட்டே போனோம் என்று ஸ்மித் துணிந்துவிட்டார். ஒரு வைத்தியக் கரண்டியும் பூனைக்குட்டியுமாகத்தான் அந்தத் துணிச்சல் வந்தது.

அதே வட்டாரத்துக்காரரான ஜேம்ஸ் வில்லியம்சன் 1901-ல் இன்னும் ஒரு படி போனார். தன்னைப் படம் எடுக்க விரும்பாத ஒரு மனிதர் திட்டிக்கொண்டே காமிராவை நோக்கி வருகிறார். முகம் பெரிதாகி, வாய் பெரிதாகி, திரை முழுதும் வாயாகிவிடுகிறது. காமிராவையும் படக்காரரையும் விழுங்கிவிட்டு, மென்றுகொண்டே பின்னால் போகிறார்! அதே 1901-ல் பிரான்சில் மெலியே என்ற மாயாஜாலக்காரர், தம் தலையே பலூனைப் போல ஊதிப் பெரிதாவதாக ஒரு படம் எடுத்தார். அதற்காக அவர் காமிராவைத் தொடவில்லை. சாய்வாகப் பலகை போட்டு, சின்ன வண்டியில் தாம் உட்கார்ந்து, தம்மையே காமிராவுக்கு அருகில் இழுக்கச் சொன்னார். காமிரா என்பது ரசிகர். ரசிகர் எழுந்து மேடைக்கு வருவாரா? மேடைதான் அவரிடம் போக வேண்டும். அந்தக் காலத்து மனசு அப்படி.

1903-ல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த ரயில் கொள்ளைப் படம் உலகம் பூராவும் ஓடிற்று. அதில் கொள்ளைக்காரன் ஒருவன் மார்பளவில் நின்று, நம்மை நேருக்கு நேர் பார்த்துத் துப்பாக்கியால் சுடுகிறான். கதையில் எந்த இடத்திலும் அது ஒட்டாது. படத்தை விற்ற கம்பெனி, இந்தத் துண்டைத் தொடக்கத்திலோ முடிவிலோ, கொட்டகைக்காரர் தம் இஷ்டப்படி சேர்த்துக்கொள்ளலாம் என்று தன் ஜாபிதாவில் அறிவித்தது! பந்தியில் இலை ஓரத்தில் வைத்த ஊறுகாய் மாதிரி குளோஸப் தனியே கிடந்தது.

அதைச் சோற்றோடு பிசைந்தவர் டி. டபிள்யூ. கிரிபித். 1908 முதல் 1913 வரையில் பயாகிராப் என்ற கம்பெனியில் நானூறுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்களை எடுத்துத் தள்ளினார். பில்லி பிட்சர் என்ற காமிராக்காரர் அவருக்கு வலக்கை. 1911-ல் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒதுக்குப்புறமான ரயில் நிலையம். தந்தி அடிக்கும் பெண் தனியாக இருக்கிறாள். சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்க இரண்டு போக்கிரிகள் கதவை உடைக்கிறார்கள். அவள் விளக்கை அணைத்துவிட்டு, கையில் பளபளக்கும் ஒன்றை நீட்டி அவர்களை அசையவொட்டாமல் நிறுத்துகிறாள். காதலன் ரயிலில் வந்து சேர்ந்ததும் அந்தப் பொருள் திரை முழுதும் தெரிகிறது. துப்பாக்கியல்ல; திருகாணி முடுக்குகிற ஒரு ஸ்பானர்! போக்கிரிகளோடு சேர்ந்து நாமும் ஏமாந்தோம். அந்த ஒரு குளோஸப்பை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அதுவரையில் வேடிக்கையாக இருந்த பெரிய பிம்பம் அன்று வாக்கியத்தின் வினைச்சொல் ஆயிற்று.

'முழு நடிகருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், பாதி நடிகரைக் காட்டினால் எப்படி?' என்று கம்பெனி முதலாளிகள் கிரிபித்தைக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. நடந்திருக்கட்டும், நடக்காமல் போகட்டும்; முதலாளிகளின் சுபாவத்துக்குப் பொருந்துகிற கதை. முழங்கால் அளவில் ஆளை வெட்டிக் காட்டும் முறை அமெரிக்கப் படங்களில் பரவியபோது, பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'அமெரிக்க ஷாட்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவித் தாவிக் கதை சொன்னால் ஜனங்களுக்குப் புரியுமா என்று கேட்டபோது, டிக்கன்ஸ் அப்படித்தானே எழுதுகிறார் என்று கிரிபித் பதில் சொன்னதாக அவருடைய மனைவி எழுதியிருக்கிறார். பின்னால் ரஷிய டைரக்டர் ஐஸன்ஸ்டைன் இதையே பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். டிக்கன்ஸ் ஒரு கதையை அடுப்பில் கொதிக்கும் கெட்டிலில் ஆரம்பிக்கிறாரே, அது குளோஸப் இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். நாவலாசிரியன் பெருமை கொண்டாடுவேன் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிட முடியாது. கிரிபித் 1915-ல் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படத்தில் ஒரு காட்சி. யுத்தத்தில் தோற்ற வீரன் பாழடைந்த வீட்டுக்குத் திரும்புகிறான். வாசலில் தங்கை வரவேற்கிறாள். பிறகு கதவு இடுக்கிலிருந்து தாயின் கை மட்டும் வெளியே நீண்டு, அவனை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. தாயின் முகத்தை நமக்குக் காட்டவில்லை. காமிரா தெருவிலேயே மரியாதையோடு நின்றுவிடுகிறது. இதைவிட நயமான காட்சி மௌனப் படக் காலத்தில் அதிகம் இல்லை. அதே படம் கறுப்பு மக்களை மிருகங்களாகச் சித்திரித்தது. முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்களைக் கொண்டே அந்த வேஷங்களில் பலவற்றை நடத்தியது. முகமூடி போட்டுக் கொலை செய்த கூட்டத்தை ரட்சகர்களாக ஜோடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், அழிந்து போயிருந்த அந்தக் கூட்டம் மறுபடி கிளம்பிற்று. ஒரு தாயின் கையைக் காட்டி நம்மைக் கரைய வைத்தவர்தான், வேறு தாய்மார்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கிறவன், எதைக் காட்டாமல் விடுவது என்றும் தீர்மானிக்கிறான். கிட்டே போய்ப் பார்ப்பதால் மட்டும் ஒருவன் உண்மையைப் பார்த்துவிட்டதாக ஆகாது. எழுத்தாளர்களாகிய நாங்களும் இதை மனசில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரஷியர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கூர்மையாக யோசித்தார்கள். அமெரிக்கர்கள் 'கிட்டத்தில்' என்கிறார்கள், நாங்களோ 'பெரிதாக' என்கிறோம் என்றார் ஐஸன்ஸ்டைன். ரஷிய மொழியில் குளோஸப்புக்குப் பெயர் அப்படித்தான், பிரெஞ்சிலும் அப்படித்தான். ஒரு வார்த்தை வித்தியாசத்தில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. 'கிட்டத்தில்' என்றால் பார்ப்பதோடு சரி. 'பெரிதாக' என்றால் அதற்கு ஒரு மதிப்பு ஏறிவிடுகிறது. அவருடைய 'போட்டெம்கின்' 1925-ல் வந்தது. கப்பல் டாக்டர் ஒருவர், புழு நெளியும் மாமிசத்தைத் தம் மூக்குக் கண்ணாடியால் பார்த்து, நல்ல மாமிசந்தான் என்று சொல்லிவிடுகிறார். மாலுமிகள் கலகம் செய்து அவரைக் கடலில் எறிந்த பிறகு, அந்தக் கண்ணாடி மட்டும் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. டாக்டர் போனார், பொய் சொன்ன கண்ணாடி தொங்குகிறது.

குலஷாவ் என்ற இன்னொரு ரஷியர் ஒரு பரீட்சை செய்தார். ஒரு நடிகருடைய உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். அதை ஒரு சூப்புத் தட்டுக்கு அடுத்தும், பிணப்பெட்டிக்கு அடுத்தும், பொம்மையோடு விளையாடும் குழந்தைக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் 'ஆஹா, பசியை என்னமாய்க் காட்டுகிறார்! துக்கத்தை என்னமாய்க் காட்டுகிறார்!' என்று நடிகரைப் புகழ்ந்தார்களாம். முகம் மூன்று இடத்திலும் ஒரே முகந்தான். பசியும் துக்கமும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தன.

தூரத்தில் நிற்பதிலும் ஒரு மகிமை உண்டு என்று காட்டியவர் சாப்ளின். அவருடைய ஹாஸ்யம் காலிலும் கைத்தடியிலும் இருக்கிறது. ஆகவே ஆளை முழுசாகக் காட்டுவார். அப்படிச் சேமித்து வைத்த குளோஸப்பை 1931-ல் 'சிட்டி லைட்ஸ்' முடிவில் செலவழித்தார். கண் பார்வை திரும்பிய பூக்காரி, கந்தலாடைக்காரனுக்குத் தர்மமாகக் காசு கொடுக்கிறாள். கையைத் தொட்டதும், தனக்குக் கண் கொடுத்தவன் அவன்தான் என்று தெரிந்துகொள்கிறாள். அப்போது அவன் முகம் பெரிதாக வருகிறது. வாயோரம் ஒரு பூ, வெட்கம், பயம். படம் முழுதும் இப்படி முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்திருந்தால் இந்தக் கடைசி முகத்துக்கு யார் அழுதிருப்பார்கள்?

1941-ல் வந்த 'சிட்டிசன் கேனி'ல் டைரக்டர் ஆர்சன் வெல்ஸும் காமிராக்காரர் கிரெக் டோலண்டும் கிட்டத்தையும் தூரத்தையும் ஒரே சட்டத்தில் அடைத்தார்கள். முன்னால் மேஜையில் தாய், மகனை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். பின்னால், ஜன்னலுக்கு வெளியே, பனியில் அந்தப் பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. தன் தலையெழுத்து எழுதப்படுவது தெரியாமல் கத்தி விளையாடும் பையன் எவ்வளவு சின்னதாக இருக்கிறான்!

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1935-ல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'சகுந்தலை', 'மீரா' முதலிய தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்தார். நம்முடைய ஆரம்பப் பேசும் படங்கள் மேடை நாடகத்தைக் காமிராவின் முன் நிறுத்திப் பாட வைத்தவை. 1945-ல் வெளிவந்த 'மீரா'வுக்காக டங்கனும் காமிராக்காரர் ஜிதன் பானர்ஜியும் எம். எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டரில் உருவமாகச் செய்யச் சொல்லி, அதன்மேல் விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் கோணத்தில் எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்தார்கள். பாட்டுப் புரியாத ஒருவர் பாடுகிறவரின் முகத்தைப் படித்தார். அதற்கு எதிர்க்கோடியில், வாசன் 1948-ல் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம் நிற்கிறது. அதைக் குளோஸப்பில் எடுத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு காலும் ஒரு தோலுந்தான்!

கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு படத்தை வைத்திருந்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த டிரையர் என்ற டைரக்டர் பிரான்சில் எடுத்து 1928-ல் வெளிவந்த 'ஜோன் ஆப் ஆர்க்'. அந்தக் கன்னிப் பெண்ணை 1431-ல் விசாரித்து எரித்த வழக்கின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்தே படம் எடுத்தார். பெரும் பணம் செலவழித்துக் கோட்டையும் கொத்தளமும் கட்டினார்கள். டிரையர் அவற்றை அநேகமாகக் காட்டவே இல்லை! தரையில் குழி தோண்டிக் காமிராவை இறக்கி, நீதிபதிகளின் முகங்களைக் கீழிருந்து பிடித்தார். ஜோனின் முகத்தை நேரே பிடித்தார். நடித்த பால்கனெட்டி மேடை நடிகை. அரிதாரம் பூசவிடவில்லை. தலைமயிரை நிஜமாகவே கத்தரித்தார்கள். எதிரே எந்த ஊர், எந்த அறை என்று நமக்குத் தெரியாது. வெடித்த உதடு, இமையில் நிற்கும் நீர், கேள்வி கேட்கிறவர்களை நம்ப ஆசைப்படும் கண்கள், இவைதான் படம். வழக்கு விசாரணையில் ஒருத்தியை எப்படித் தனியாக்கிவிடுகிறார்கள் என்பதை வேறு எந்தத் தூரத்திலிருந்தும் இப்படிக் காட்டியிருக்க முடியாது.

அந்த வருஷ முடிவிலேயே பெர்லினில் நேர்ந்த தீ விபத்தில் படத்தின் மூல நெகடிவ் எரிந்து போயிற்று. எரிக்கப்பட்டவளின் படமும் எரிந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வெட்டியும் ஒட்டியும் கிடைத்த பிரதிகளைத்தான் உலகம் அரை நூற்றாண்டு பார்த்துக்கொண்டிருந்தது. பால்கனெட்டி 1946-லும் டிரையர் 1968-லும் காலமானார்கள். பிறகு 1981-ல், நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகில், மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது சில தகர டப்பாக்கள் அகப்பட்டன. திறந்து பார்த்தால், டிரையர் முதலில் எடுத்தபடியே, வெட்டுப்படாத முழுப் படம். அது அங்கே எப்படிப் போயிற்று என்பது இன்றும் தெளிவாகவில்லை. அதிலிருந்து புதுப் பிரதிகள் எடுத்தார்கள். கோட்டை கொத்தளத்தைக் காண வேண்டும் என்று அன்று சண்டை போட்ட முதலாளிகளின் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்த முகம் திரை நிறைய வந்து நிற்கிறது. நாமும் பேசாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறோம்.